வலிக்காத இதயமும் வருடாந்திர ஆடிட்டும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை காலை பேங்க் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாஸ்புக் மெஷின் வழக்கம்போல் மக்கர். டோக்கன் நம்பர் ஒரு பக்கம் ஓட, ஆட்கள் இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களேபரத்தில் தாராவி அண்ணாச்சி ஒருவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பதினைந்து வருடமாகத் தெரியும். கடன் வாங்கி ஒரு தவணைகூடத் தவறாதவர் என்பதால் எங்கள் கிளையில் அவருக்கு டீ உண்டு.

"எஃப்.டி.ய ஒடைக்கணும் சார்" என்றார்.

மெச்சூரிட்டிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. வட்டியில் ஒரு பர்சென்ட் போகுமே அண்ணாச்சி, என்ன அவசரம் என்று கேட்டேன். அவர் மகனுக்கு 2019இல் இதய மாற்று அறுவை நடந்தது. அப்போது இருபது வயது. ஏதோ காய்ச்சல் வந்து இதயத் தசை பலவீனமாகி, ஊதிப்போய், கடைசியில் வேறு இதயம் வைத்தால்தான் உண்டு என்ற நிலை. அந்தச் சமயத்தில் தமிழர்கள் எல்லோரும் உண்டியல் குலுக்கினோம், எனக்கும் நினைவிருக்கிறது.

"இப்ப ஆஞ்சியோ எடுக்கணும்ங்காங்க சார். அவனுக்கு ஒரு நோவும் இல்ல. மூணு மாடி ஏறுதான், எறங்குதான். மண்டல்ல இலவச முகாம் போட்டாங்கள்லா, அங்க ஈசிஜி எடுத்தோம். நார்மல்னுட்டாங்க. நோவே இல்லாதவனுக்கு எதுக்கு சார் வருசா வருசம் இது? ரெண்டு மூணு வருசமா நாங்க போவவே இல்ல. அவன் நல்லாத்தான இருக்கான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது பி.காம். இதயம் என்றால் இடது பக்கம் இருக்கும் என்பதற்கு மேல் பெரிதாகத் தெரியாது. ஆனால் "நல்லாத்தான இருக்கான்" என்ற அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. இருபது வருட பேங்க் உத்தியோகத்தில் "அக்கவுண்ட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லப்பட்ட எத்தனை அக்கவுண்ட்டுகள் மார்ச் மாதம் முடிந்ததும் குப்புற விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்! எஃப்.டி.யை உடைத்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். செம்பூரில் எங்கள் பில்டிங்கிலேயே இரண்டாவது மாடியில் இதய மருத்துவர் ஒருவர் இருக்கிறார். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அவரைப் பிடித்துக்கொண்டேன். (இப்போது என்னைப் பார்த்தால் படியில் இறங்கிப் போகிறார்.) அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. உலகத்தின் முதல் மனித இதய மாற்று 1967 டிசம்பர் 3ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், கிறிஸ்டியன் பர்னார்ட் செய்தது. நோயாளி லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாள் இருந்தார், நிமோனியாவில் போனார். இது எல்லோருக்கும் தெரியும், குவிஸ் கேள்வி. அதிகம் பேருக்குத் தெரியாதது இரண்டாவது ஆள். பிலிப் பிளைபர்க் என்ற பல் மருத்துவர். 1968 ஜனவரி 2ஆம் தேதி அதே பர்னார்ட் அவருக்கு ஓர் இளைஞரின் இதயத்தை வைத்தார். தந்தவருக்கு வயது 24. பிளைபர்க் வீட்டுக்குப் போனார், கார் ஓட்டினார், கடலில் குளித்துப் போட்டோவுக்கு நின்றார், புத்தகம்கூட எழுதினார். 19 மாதம் கழித்து இறந்தார். பிறகு அந்த இதயத்தை எடுத்துப் பார்த்தார்கள். இருபத்து நாலு வயதுக்காரரின் இதயம் அது. அதன் கொரோனரி ரத்தக்குழாய்கள் அத்தனையும் கிழவருடையதுபோல் தடித்து, அடைத்துப் போயிருந்தன. ஒன்றரை வருடத்தில்!

அதாவது இந்த வியாதி இதய மாற்று சிகிச்சை பிறந்த உடனேயே கூடவே பிறந்தது. அறுபது வருடம் ஆகப்போகிறது, இன்னும் கூடவே இருக்கிறது. சர்வதேசப் பதிவேட்டுக் கணக்குப்படி, இதய மாற்று செய்துகொண்டு உயிரோடு இருப்பவர்களில் முதல் வருட முடிவில் சுமார் 8 சதவீதம் பேருக்கும், ஐந்து வருடத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், பத்து வருடத்தில் பாதிப் பேருக்கும் ஆஞ்சியோவில் இது தெரிகிறது. ஆஞ்சியோவில் தெரிவது மட்டும். தெரியாமல் இருப்பது தனி.

நமக்கெல்லாம் வரும் மாரடைப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாட்டுங்காவில் பழைய பில்டிங்கில் குடியிருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அந்தக் காலத்து இரும்புத் தண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன அல்லவா? ஒரு வளைவில் ஏதோ கட்டி மாட்டிக்கொண்டு தண்ணீர் நின்றால் அது நம் வியாதி. பிளம்பர் அந்த ஒரு துண்டை மாற்றிவிட்டுப் போய்விடுவார். இன்னொரு விதம், குழாய் முழு நீளத்துக்கும் உட்பக்கம் சுற்றிச் சுற்றித் துரு ஏறி, முக்கால் அங்குலக் குழாயில் பென்சில் நுழையும் ஓட்டை மட்டும் பாக்கி இருக்கும். எங்கே வெட்டினாலும் அதே கதை. மாற்று இதயத்தில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது விதம். பெரிய குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சின்னக் கிளை வரைக்கும் உட்சுவர் சீராகத் தடிக்கிறது. காரணம் கொழுப்பு மட்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி "இது நம்ம வீட்டுப் பொருள் இல்லை" என்று அந்தக் குழாய்ச் சுவரை மெதுவாகச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. அதற்குத்தான் காலமெல்லாம் மாத்திரை. மாத்திரை அந்தச் சண்டையைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. சி.எம்.வி. என்ற வைரஸ், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் இதற்கு எண்ணெய் ஊற்றும்.

சரி, வலி ஏன் இல்லை? அண்ணாச்சியின் கேள்விக்கே வருகிறேன். ஒருவர் உடம்பிலிருந்து இதயத்தை எடுக்கும்போது அதன் நரம்புகளையும் வெட்டித்தான் எடுக்கிறார்கள். இன்னொருவர் உடம்பில் வைக்கும்போது ரத்தக்குழாய்களைத் தைக்கிறார்கள், நரம்பைத் தைக்க முடியாது. அதனால் அந்த இதயம் தன்பாட்டுக்குத் துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 90, 100 என்று ஓடும். மாடி ஏறினால் உடனே வேகம் கூடாது, ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகு மெதுவாகக் கூடும். நின்ற பிறகும் இறங்க நேரம் எடுக்கும். முக்கியமாக, ரத்தம் போதவில்லை என்று நெஞ்சுவலியாகப் புகார் சொல்ல வழி இல்லை. ஃபோன் ஒயரை வெட்டியாகிவிட்டது. சிலருக்குப் பல வருடம் கழித்து நரம்பு ஓரளவு மறுபடி முளைக்கிறதாம். அதை நம்பி உட்கார முடியாது. பல பேருக்கு முதல் அறிகுறியே மூச்சிரைப்பு, கால் வீக்கம், தாறுமாறான துடிப்பு, அல்லது திடீர் மரணம்.

ஆகவே "நோவு இல்லை" என்பது இங்கே நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. அது செய்தியே இல்லை. இதை அண்ணாச்சியிடம் அறுவை நடந்த காலத்தில் யாரும் புரியும்படி சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். அந்தக் கலவரத்தில் எந்த அப்பனுக்கு மண்டையில் ஏறும்? டிஸ்சார்ஜ் பேப்பரில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது, நானே பார்த்தேன். தாராவியில் தோல் தைப்பவருக்கு அந்த ஒரு வரி போதுமா?

மண்டல் முகாம் ஈசிஜி விஷயம். அது ஓய்வில் இருக்கும் இதயத்தின் மின்சாரத்தை ஒரு சில விநாடி பார்ப்பது. குழாய் பாதி அடைத்திருந்தாலும் நார்மலாக வரலாம். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பதும் இவர்களுக்குச் சரிப்படாது, துடிப்புதான் உடனே ஏற மாட்டேன் என்கிறதே. அடிக்கடி கழுத்து வழியாகச் சதை எடுத்து பயாப்சி செய்கிறார்களே, அது இதயத் தசையில் நடக்கும் நிராகரிப்பைக் கண்டுபிடிக்க. பெரிய குழாய்களின் அடைப்பு அதில் தெரியாது. "பயாப்சி கிளியர்" என்று கேட்டுவிட்டுக் குழாயும் சுத்தம் என்று நினைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அண்ணாச்சி குடும்பமும் அப்படித்தான் நினைத்திருந்தது.

இனி எதை வைத்துத்தான் பார்ப்பது? இங்கேதான் என் மண்டை சூடானது. ஏகப்பட்ட வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒன்றைப் பார்க்கும், மற்றொன்றை விட்டுவிடும்.

முதலாவது ஆஞ்சியோ. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மேசன் சோன்ஸ் கொரோனரிக் குழாய்க்குள் நேரடியாக மை செலுத்திப் படம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் இதுதான் அடிப்படை. இதய, நுரையீரல் மாற்றுக்கான சர்வதேசச் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டலில் வருடத்துக்கு ஒரு தடவை அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆஞ்சியோ என்று சொன்னது. மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரை சுத்தமாக இருப்பவர்களுக்கு, முக்கியமாக சிறுநீரகம் கெட்டிருப்பவர்களுக்கு, இடைவெளியைக் கூட்டலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. அடைப்பை 0, 1, 2, 3 என்று நாலு படியாகப் பிரித்ததும் அந்த வருடம்தான். பேங்கில் ஸ்டாண்டர்டு, சப்ஸ்டாண்டர்டு, டவுட்ஃபுல், லாஸ் என்று நாங்கள் நாலாகப் பிரிப்பதுபோலவே இருந்ததால் எனக்கு உடனே மனதில் ஏறிவிட்டது.

ஆனால் ஆஞ்சியோவில் ஒரு ஓட்டை. அது குழாய்க்குள் ஓடும் மையைத்தான் படம் எடுக்கிறது, குழாயின் சுவரை அல்ல. சாதாரண வியாதியில் ஒரு இடம் மட்டும் ஒடுங்கியிருக்கும், பக்கத்து நல்ல இடத்தோடு ஒப்பிட்டு "இங்கே 70 சதவீதம்" என்று சொல்லிவிடலாம். எல்லா இடமும் ஒரே சீராக ஒடுங்கியிருந்தால் எதோடு ஒப்பிடுவது? மெலிந்த குழாய் என்று நினைத்து "நார்மல்" எழுதிவிட வாய்ப்பு உண்டு. எங்கள் பாஷையில் சொன்னால் இது கடன்காரர் மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். கோடவுனுக்குள் போய் முன்வரிசை மூட்டையை நகர்த்தினால்தான் பின்னால் உமியா அரிசியா என்று தெரியும்.

அப்படிக் கோடவுனுக்குள் போவதுதான் ஐவஸ் என்கிற முறை. ஆஞ்சியோ எடுக்கும்போதே மெல்லிய கம்பி முனையில் அல்ட்ராசவுண்டைக் குழாய்க்குள் அனுப்பிச் சுவரின் தடிமனையே அளக்கிறார்கள். அறுவை முடிந்து ஒன்றரை மாதத்துக்குள் ஒரு தடவை, ஒரு வருடத்தில் ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவில் உட்சுவர் 0.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் பின்னால் பெரிய தொந்தரவு வரும் வாய்ப்பு அதிகம் என்று 2005இல் வந்த ஆய்வுகள் காட்டின. அரை மில்லிமீட்டர்! ஆஞ்சியோ படத்தில் அது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஓ.சி.டி. என்று ஒளியை வைத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது, அது இன்னும் நுணுக்கம். இரண்டுமே பெரிய குழாய்களோடு நின்றுவிடும், கம்பி நுழைந்தால்தானே பார்க்க முடியும். செலவும் கூடும், அதனால் எல்லா இடத்திலும் எல்லோருக்கும் செய்வதில்லை.

சி.டி. ஆஞ்சியோ என்றால் கையில் ஊசி போட்டு மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் எடுப்பது. குழாய் உள்ளே விடுவதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். "பெரிய குழாய்களில் பெரிய அடைப்பு இல்லை" என்று இது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம் என்கின்றன ஆய்வுகள். சுவரும் ஓரளவு தெரியும். சிக்கல் என்னவென்றால், மாற்று இதயம்தான் நிமிடத்துக்கு 100 தடவை ஓடுகிறதே, படம் கலங்கும். துடிப்பைக் குறைக்க மாத்திரை தரவேண்டும். இரண்டாவது சிக்கல், அந்த மை. நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டுமே வருடக்கணக்கில் சிறுநீரகத்தை அரிக்கும். அதன் மேல் மை. குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோவுக்கும் இதே மைதான். அதனால் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் படத்துக்கும் தேதி வாங்காதீர்கள்.

டோபுடமின் ஊசி போட்டு இதயத்தை ஓடவைத்து எக்கோ பார்ப்பது நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கிறது, மை இல்லை, கதிர் இல்லை. ஆனால் ஆரம்ப நிலையை அடிக்கடி தவறவிடும். எம்.ஆர்.ஐ.யில் தசையில் ரத்தம் எப்படிப் பரவுகிறது, எங்கே தழும்பு விழுந்திருக்கிறது என்று தெரியும், கதிர் இல்லை. பேஸ்மேக்கர் இருந்தால் தனி யோசனை, சிறுநீரகம் மோசமாக இருந்தாலும் யோசனை.

என்னை மிகவும் கவர்ந்தது பெட் ஸ்கேன். (புற்றுநோய்க்கு எடுப்பார்களே, அதே மெஷின்தான், மருந்து வேறு.) இது குழாயைப் பார்ப்பதே இல்லை. ஓய்வில் தசைக்கு நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, மருந்து கொடுத்துக் குழாயை விரித்தால் எத்தனை மடங்கு கூடுகிறது என்று அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னக் கிளைகள் கெட்டிருந்தாலும் அந்த மடங்கு குறைந்துவிடும். ஆஞ்சியோவும் ஐவஸும் விட்டதை இது பிடிக்கும். கஷ்டம் மருந்தில். ஒரு மருந்து நைட்ரஜன்-13 அமோனியா, பத்து நிமிடத்தில் பாதியாகிவிடும். இன்னொன்று ருபிடியம்-82, ஒன்றேகால் நிமிடத்தில் பாதி. பத்து நிமிடச் சரக்கை மும்பை டிராஃபிக்கில் எங்கிருந்து எங்கே கொண்டுபோவது? சைக்ளோட்ரான் அதே வளாகத்தில் இருக்கவேண்டும். இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரானே 2002இல் நம் பரேலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையத்தில்தான் வந்தது. அணுசக்தி நகரிலும் செம்பூரிலும் குடியிருந்து அந்த மையத்தில் உழைத்த தமிழர்கள் எத்தனை பேர்! நம் ஊர் இந்த விஷயத்தில் பிச்சைக்காரர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இவ்வளவும் படித்த பிறகு என் அபிப்பிராயம் இது. எந்த மெஷின் உசத்தி என்ற சண்டை நமக்கு வேண்டாம், அது டாக்டர்கள் பாடு. நாம் பிடித்துக்கொள்ளவேண்டியது தொடர்ச்சி. ஒரு வருடத்து பேலன்ஸ் ஷீட்டைத் தனியாகப் பார்த்து எந்த மேனேஜரும் கடன் தரமாட்டார், மூன்று வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். முதல் வருடப் படம் கையில் இருந்தால்தான் ஐந்தாவது வருடப் படத்துக்கு அர்த்தம். அண்ணாச்சி வீட்டில் 2021இல் எடுத்த ஆஞ்சியோவின் சி.டி. இருந்தது. (வட்டத் தகட்டைச் சொல்கிறேன், ஸ்கேனை அல்ல.) எங்கே தெரியுமா? பட்டறையில் நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில். அதுவாவது இருந்ததே.

"கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறார்கள், குழாய் முழுக்க கெட்டால் ஸ்டென்ட்டும் வைக்க முடியாது என்கிறாயே" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. முற்றிப்போன பிறகு கண்டுபிடித்தால் அதிகம் செய்ய முடியாதுதான். ஒரே இடத்தில் இருந்தால் ஸ்டென்ட், இல்லாவிட்டால் இன்னொரு இதயம், அது யாருக்கு எப்போது கிடைக்கும்? ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கதை வேறு. எவரோலிமஸ், சிரோலிமஸ் என்ற மருந்துகள் இந்தச் சுவர்த் தடிப்பை மட்டுப்படுத்துகின்றன. 2003இல் எவரோலிமஸ் பற்றி வந்த பெரிய ஆய்வு ஐவஸ் வைத்து அளந்துதான் அதைக் காட்டியது. கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை இவர்களுக்குக் கொழுப்பு அளவு எப்படி இருந்தாலும் உதவுகிறது என்று 1995இலிருந்தே தெரியும். மருந்தை மாற்றும் முடிவு படத்தைப் பார்த்துத்தான் வருகிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்பில் போய் எவரோலிமஸ் கேட்காதீர்கள். அதற்கும் பக்க விளைவுகள் உண்டு.)

இப்போது எனக்கு ஆற்றாமை வரும் இடம். நம் மும்பைக்கும் இதய மாற்றுக்கும் உள்ள பந்தம் சாதாரணமானதில்லை. கேப் டவுனில் நடந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1968 பிப்ரவரியில் பரேல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே.சென் இந்தியாவின் முதல் முயற்சியைச் செய்துவிட்டார். நோயாளி சுமார் மூன்று மணி நேரம்தான் இருந்தார். அதே வருடம் இன்னொரு முயற்சி, அவரும் ஒரு நாளுக்குள் போய்விட்டார். மூளைச்சாவு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளாத காலம், சைக்ளோஸ்போரின் வராத காலம். பிறகு 1994இல் சட்டம் வந்தது. அதே ஆகஸ்ட் 3ஆம் தேதி டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் வெற்றிகரமாகச் செய்தார். மும்பைக்கு அந்த வெற்றி வர 2015 ஆகஸ்ட் ஆகிவிட்டது. புனேயிலிருந்து இதயம் பறந்து வர, முலுண்டு ஃபோர்ட்டிஸில் டாக்டர் அன்வய் முலே அறுவை செய்தார். நாற்பத்தேழு வருடம்! கே.ஈ.எம்.மிலேயே 2024 ஜூலையில் மறுபடி தொடங்கினார்கள். எந்த இதயம் யாருக்கு என்று பட்டியல் பார்த்துத் தீர்மானிக்கும் மண்டல ஒருங்கிணைப்பு மையம் எங்கே இருக்கிறது? சயான் ஆஸ்பத்திரி வளாகத்தில். தாராவியிலிருந்து நடந்து போகிற தூரம்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டால் 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும் விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் பதினைந்து வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தார்கள். அந்த இதயத்தைப் போலீஸ்காரர் ஒருவர் சென்னைப் போக்குவரத்தில் 11 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததை நாமெல்லாம் பேப்பரில் படித்துக் கண் கலங்கினோம். 'சென்னையில் ஒரு நாள்' படம் பார்த்து மறுபடி கலங்கினோம்.

அந்த 11 நிமிடத்துக்குக் கைதட்டும் நாம், அடுத்து வரும் 11 வருடத்துக்கு என்ன செய்தோம்? ஆம்புலன்ஸுக்கு சிக்னலை நிறுத்தி வழி விடுகிறது நகரம். டி.வி.யில் ஓடுகிறது. நோயாளி கைகூப்பி டிஸ்சார்ஜ் ஆகும் போட்டோ வருகிறது. அதோடு கேமரா மூடிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு வருடமும் தனியாக, சத்தமில்லாமல் ஒரு குடும்பம் எஃப்.டி.யை உடைக்கிறது. அல்லது "நல்லாத்தான இருக்கான்" என்று உடைக்காமல் இருந்துவிடுகிறது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். நம் நாட்டு மெடிக்ளெய்ம் பாலிசியைக் கையில் எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். எல்லா கம்பெனிக்கும் ஒரே வாசகமாக ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்த விலக்குகள் அவை, ஒவ்வொன்றுக்கும் கோடு எண் உண்டு. நாலாவது எண், பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே அட்மிட் ஆனால் பணம் கிடையாது. பொதுவாகப் பார்த்தால் நியாயமான விதிதான், இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் செக்கப்புக்கென்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வார்கள். ஆனால் வருடாந்திர ஆஞ்சியோ இந்த வலையில் மாட்டிக்கொள்கிறது. வலி இல்லை, வியாதி கண்டுபிடிக்கப்படவில்லை, ஆகவே இது "பரிசோதனை மட்டும்". அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. தற்போதைய நோய்க்கும் சிகிச்சைக்கும் சம்பந்தமில்லாத பரிசோதனைச் செலவு கிடையாது என்று. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மாற்று இதயத்துக்கு இந்தப் படம் சிகிச்சையின் பகுதி, மருந்தின் அளவை இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள் என்று டாக்டர் கடிதத்தில் தெளிவாக எழுதித் தந்தால் வாதாட ஒரு பிடி கிடைக்கிறது. கிளெய்ம் நிச்சயம் பாஸாகும் என்று நான் சொல்லமாட்டேன். கடிதம் இல்லாமல் போட்டால் திரும்பி வருவது ஏறக்குறைய நிச்சயம்.

வருமான வரியும் அப்படித்தான். 1961ஆம் வருடச் சட்டத்தில் 80டிடிபி என்று ஒரு பிரிவு. குறிப்பிட்ட வியாதிகளின் சிகிச்சைக்குக் கழிவு தருவது. புற்றுநோய் இருந்தது, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இருந்தது, தலசீமியா இருந்தது. இதயம் அந்தப் பட்டியலில் இல்லை. வருடா வருடம் மார்ச்சில் யாராவது ஒருவர் பைபாஸ் பில்லை எடுத்துக்கொண்டு வந்து கேட்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன்.

அதனால் நான் நினைப்பது இதுதான். அறுவைக்கு ஒரு பேக்கேஜ் போடும்போதே முதல் ஐந்து வருடப் படங்களையும் அதில் சேர்த்துப் போடவேண்டும். கட்டடம் கட்டக் கடன் கொடுத்துவிட்டு மெயின்டனன்ஸ் பற்றிக் கேட்காமல் இருப்பதுபோல் இருக்கிறது இப்போதைய நிலை. அரசுத் திட்டமோ, அறக்கட்டளையோ, யார் பணம் தந்தாலும் சரி. நம் சங்கங்களையும் சொல்லவேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் ஒரு உயிர் என்றால் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் திரட்டிவிடுவோம், இதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ஆறாவது வருட ஆஞ்சியோவுக்கு உண்டியல் குலுக்கினால் யார் போடுவார்கள்? உயிர் ஊசலாடும் படம் இல்லையே அதில். அதனால் முதலில் திரட்டும்போதே கால்வாசியை எடுத்து நோயாளி பெயரில் டெபாசிட் போட்டு, பரிசோதனைக்குத் தவிர எடுக்கக்கூடாது என்று வைத்தால் என்ன? பேங்க்காரன் புத்தி என்று சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் போடுங்கள்.

இதற்கு எதிராக ஒருவர் சொன்னார்: "வருடா வருடம் மை, கதிர், பயம். பையனை நிம்மதியாக வாழ விடுங்களேன்." அதிலும் உண்மை இருக்கிறது. இருபத்தாறு வயதுப் பையனுக்கு வருடம் ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பது சுமைதான். அதனால்தான் இடைவெளியைக் கூட்டலாமா, ஒரு வருடம் குழாய் விட்டு, அடுத்த வருடம் வெறும் ஸ்கேனா என்றெல்லாம் டாக்டரிடம் உட்கார்ந்து பேசவேண்டும். பேசி முடிவெடுத்து இடைவெளி விடுவது வேறு. வலிக்கவில்லை என்று மறந்துபோவது வேறு.

அண்ணாச்சி மகனுக்கு ஆஞ்சியோ ஆகிவிட்டது. மணிக்கட்டு வழியாகத்தான் எடுத்தார்கள், சாயங்காலமே பட்டறைக்கு வந்து கூடாது கூடாது என்றாலும் கேட்காமல் பக்கிள் மாட்டிக்கொண்டிருந்தானாம். ரிசல்ட்டில் 1 என்று போட்டிருந்தது. 2021இல் 0. பழைய சி.டி. இருந்ததால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே எவ்வளவு மாறியிருக்கிறது என்று டாக்டர் காட்டினாராம். மருந்தில் ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். அடுத்த வருடம் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் இரண்டு சி.டி.க்களையும் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பேங்குக்கு வந்தார். "மழைக்காலத்துல எங்க வீட்ல ஒண்ணும் தங்காது சார். லாக்கர்ல வச்சிரலாமா?" என்றார். லாக்கர் காலி இல்லை, இருந்தாலும் அவருக்கு அந்த வாடகை தண்டம். லஞ்ச் டைமில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இரண்டையும் பென் டிரைவில் ஏற்றி, ஒன்று அவரிடம், ஒன்று பையனிடம் கொடுத்தேன். பிறகு அவர் பெயரில் பன்னிரண்டு மாத ஆர்.டி. ஒன்று ஆரம்பித்தோம். அடுத்த ஆஞ்சியோவுக்குச் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் மெச்சூர் ஆகும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் தவணை பிடித்தாகிவிட்டது.